கம்பியில்லா வலையும் காணாத கணினியும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். கவிதை எழுத எனக்கு வராது. ஆகவே என்னுடைய மடிக்கணினியில் ஏற்பட்ட ஒரு கோளாறைப் பற்றியும், அது பிடிபட்ட விதத்தைப் பற்றியும் எழுதுகிறேன். "வைஃபை தெரியவில்லை" என்னும் இந்தக் கோளாறு நாளைக்கு உங்களுக்கும் வரலாம். அன்று 4,500 ரூபாய் உங்கள் வீட்டிலேயே தங்கினால், இந்தப் பக்கங்கள் வீணாகவில்லை என்று மகிழ்வேன்.

நடந்தது என்ன?

என்னிடம் இருப்பது பெரியம்மா மகன் படித்து முடித்துவிட்டுக் கொடுத்த பழைய மடிக்கணினி. எங்கள் வீடு சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி, வயலை ஒட்டிய தெருவில் உள்ளது. தெருவில் யார் வீட்டிலும் பிராட்பேண்ட் கிடையாது. செல்போன் கம்பெனியில் லைனில் வேலை பார்க்கும் என் அக்காவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் நான் இணையம் பார்ப்பேன்.

சென்ற பருவத்தில் அக்கா தவணையில் புது போன் வாங்கினார். பழைய போன் அம்மா கைக்குப் போனது. அன்று மாலை புது போனில் ஹாட்ஸ்பாட் போட்டால், மடிக்கணினியில் ஒரு பெயரும் இல்லை. பட்டியல் காலி! அணைத்துப் போட்டேன், மறுபடி போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரம் சனிக்கிழமை எனக்கு ஒரு கம்பெனியின் ஆன்லைன் தேர்வு. கேமரா உள்ள கணினி கட்டாயம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கணினி பற்றிக் கேட்க வேறு யாரும் இல்லை.

மறுநாள் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தார். அவர் போனின் பெயரும் வரவில்லை. "தம்பி, போர்டு போயிடுச்சு. 4,500 ஆகும். பழைய மாடல், வேற வழியில்ல" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். "சீட்டுப் பணம் வருது, அதுல கட்டிடலாம்" என்று உடனே சொன்னார் அக்கா. சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டார்:

"எங்க லைன்ல ஒரு பீஸ் ஃபெயில் ஆனா உடனே தூக்கிப் போட மாட்டோம்டா. நல்ல பீஸ்னு தெரிஞ்ச ஒண்ணை அதே டெஸ்டர்ல வச்சுப் பாப்போம். அதுவும் ஃபெயில் ஆச்சுன்னா தப்பு பீஸ் மேல இல்ல, டெஸ்டர் மேல. நீ எதை வச்சு டெஸ்ட் பண்ண? என் போனும் புதுசு. கடைக்காரர் போனும் புதுசாத்தானே இருக்கும்? முன்னாடி ஓடுன பழைய போனை வச்சுப் பாத்தியா?"

பார்க்கவில்லை! அம்மாவின் போனில் நெட் பேக் இல்லை, அதனால் எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. ஆனால் பெயர் தெரிவதற்கு நெட் பேக் எதற்கு? உடனே ஹாட்ஸ்பாட் போட்டோம். இரண்டு நொடியில் பெயர் வந்து நின்றது. போர்டு போன கணினி எப்படி ஐயா பழைய போனை மட்டும் பார்க்கும்?

காரணம் என்ன?

வைஃபை கொடுக்கும் கருவி (ரூட்டரோ, போனோ) "நான் இங்கே இருக்கிறேன், என் பெயர் இது" என்று வானொலி அலையில் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். இதற்கு 'பீக்கன்' என்று பெயர். கலங்கரை விளக்கம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 102.4 மில்லி செகண்டுக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 10 முறை இந்த அறிவிப்பு வரும். நம் கணினி ஒவ்வொரு சேனலாகத் திரும்பிக் காது கொடுத்துக் கேட்கும். கேட்ட பெயர்களைப் பட்டியலாகக் காட்டும். கேட்காத பெயர் பட்டியலில் வராது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த அறிவிப்பு பெரும்பாலும் இரண்டு பாதைகளில் வரும். ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். முதல் பாதையின் அலைநீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். இரண்டாவது 5 முதல் 6 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும்.

வைஃபைக்கு அடிப்படையான 802.11 என்னும் தரவிதி 1997-இல் வந்தது. 1999-இல் 802.11பி (2.4), 802.11ஏ (5) என்று இரண்டு வந்தன. 2003-இல் ஜி (2.4), 2009-இல் என் (இரண்டிலும் இயங்கக்கூடியது), 2013-இல் ஏசி (5 மட்டும்) என்று வளர்ந்தது. நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005-இல் விதி வகுத்தது. 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு 2018-இல் இப்படித் திறந்துவிட்டது.

விலை குறைந்த மடிக்கணினிகளில் வெகுகாலம் 2.4 மட்டுமே கேட்கும் கார்டுகளைத்தான் போட்டார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. அன்றைய ஹாட்ஸ்பாட்டுகளும் ரூட்டர்களும் பெரும்பாலும் 2.4-இல்தான் பேசின. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு அண்ணன், அக்கா பயன்படுத்திய கணினி தம்பி, தங்கைக்கு வருவது நம் பக்கத்தில் சாதாரணம். கணினி பழையதாகவே இருக்கிறது, போன் மட்டும் புதிதாகிறது. புது போன் 5-இல் பேசுகிறது, பழைய கணினி 2.4-இல் காது வைத்திருக்கிறது. இரண்டும் நல்ல நிலையில் இருந்தும் சந்திக்கவே முடியாது!

எனக்கு வெட்கமான சங்கதி என்னவென்றால், அதிர்வெண், அலைநீளம் எல்லாம் நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவை. வீட்டில் பழுது வந்தபோது அவை ஞாபகத்துக்கு வரவில்லை.

சோதிக்கும் முறை

எங்கள் ஆய்வகத்தில் ஆசிரியர் சொன்னதையும், நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாகத் தருகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒரே சமயத்தில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

1. பட்டியலை முழுக்கப் படியுங்கள். ஒரு பெயர்கூட இல்லையா? அல்லது நீங்கள் தேடும் பெயர் மட்டும் இல்லையா? இவை இரண்டும் வேறு வேறு நோய். கடையில் என் கணினி வேறு இரண்டு பெயர்களைக் காட்டியது. பக்கத்துக் கடைகளுடையதாக இருக்கும். கடைக்காரரும் நானும் அதைக் கவனிக்கவே இல்லை. தேடிய பெயர் இல்லை என்பதை மட்டும் பார்த்தோம். ஒரு பெயராவது தெரிந்தால் கார்டுக்கு உயிர் இருக்கிறது என்று பொருள்.

2. ஏரோபிளேன் மோட் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேல்வரிசை பட்டன்களில் விமானம் அல்லது ஆன்டெனா படம் போட்ட ஒன்று இருக்கும். எஃப்என் பட்டனோடு சேர்த்துக் கை தவறி அழுத்தியிருக்கலாம். சில பழைய மாடல்களில் பக்கவாட்டில் தள்ளும் சுவிட்சே உண்டு.

3. டிவைஸ் மேனேஜர் திறந்து 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' பகுதியைப் பாருங்கள். வைஃபை கார்டின் பெயர் மீது கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால், யாரோ அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். 'எனேபிள்' கொடுத்தால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு. பெயரே இல்லையென்றால் டிரைவர் இல்லை, அல்லது கார்டு கழன்றிருக்கிறது, அல்லது செத்துவிட்டது. குறி எதுவும் இல்லாமல் பெயர் சரியாக இருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

4. 'சர்வீசஸ்' பக்கத்தில் 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' ஓடுகிறதா என்று பாருங்கள். நின்றிருந்தால் 'ஸ்டார்ட்' கொடுங்கள்.

5. டிரைவரை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். அந்தப் புத்திசாலித்தனத்தை முதல் நாள் இரவே நான் செய்தேன். அழித்த பிறகுதான், புதிதாக இறக்க இணையம் வேண்டுமே என்று உறைத்தது! இதற்கு ஒரு வழி உண்டு. சார்ஜர் ஒயரால் போனைக் கணினியோடு இணைத்து, போனில் 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள். வைஃபை இல்லாமலே இணையம் வரும். கணினியின் அடியில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்குங்கள்.

6. கார்டுக்கு எந்தப் பாதை கேட்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, 'நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் விவரத்தில் 'ரேடியோ டைப்ஸ் சப்போர்டட்' என்ற வரி இருக்கும். அதில் 802.11 பி, ஜி, என் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 2.4 மட்டுமே. ஏ அல்லது ஏசி என்று இருந்தால் 5-உம் கேட்கும். என் கணினியில் பி, ஜி, என் மட்டும்தான். என் நோய் அந்த ஒரு வரியில் எழுதியிருந்தது.

7. அனுப்பும் பக்கத்தை மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் 'பேண்ட்' என்று இருக்கும். அதை 2.4 ஆக்குங்கள். ஐபோன் 12 முதல் வந்தவற்றில் 'மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி' என்ற பட்டனை ஆன் செய்தால் 2.4-இல் பேசும். ரூட்டராக இருந்தால் 2.4 அணைந்திருக்கிறதா, பெயர் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேனல் எண்ணையும் பாருங்கள். 2.4-இல் நம் நாட்டில் 13 சேனல் வரை உண்டு. அமெரிக்காவில் 11 வரைதான். அமெரிக்க முறைப்படி அமைந்த கார்டு 12, 13-இல் வரும் பெயரைக் காட்டாது. சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வையுங்கள். ரூட்டர் 'வைஃபை 6' வகையாக இருந்தால், பழைய டிரைவர் உள்ள சில கார்டுகளுக்கு அதன் பெயரே தெரியாது. டிரைவரைப் புதுப்பித்தால் தெரியும்.

8. பக்கத்தில் வைத்தால் மட்டும் தெரிந்து, பத்தடி தள்ளினால் மறைகிறதா? ஆன்டெனா ஒயரைச் சந்தேகப்படுங்கள். கார்டிலிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள் திரையின் ஓரத்துக்குப் போகும். அவற்றின் முனை கழன்றிருக்கலாம். பேட்டரி இணைப்பை எடுத்த பிறகே கை வையுங்கள். பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். தகரக் கூரை, இரும்பு பீரோ இவையும் அலையைத் தடுக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

9. கார்டு உண்மையிலேயே செத்துவிட்டால்கூட போர்டை மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. பல மடிக்கணினிகளில் வைஃபை கார்டு தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது. அதுவும் வேண்டாமென்றால் யூஎஸ்பி ஓட்டையில் செருகும் வைஃபை அடாப்டர் கிடைக்கிறது. வாங்கும்போது 'டூயல் பேண்ட்' என்று கேட்டு வாங்குங்கள்.

நிறைவாக

அக்காவின் போனில் 'பேண்ட்' என்பதை 2.4 ஆக மாற்றினோம். மடிக்கணினியில் பெயர் வந்தது. செலவு ஒரு பைசா இல்லை. சனிக்கிழமை தேர்வு எழுதினேன். முதல் சுற்றில் தேறி இரண்டாவதில் விட்டுவிட்டேன், அது என் படிப்பின் குறை. கணினியின் மேல் பழி போட வழியில்லை!

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவரும் என்னைப் போலவே ஒரே மாதிரியான இரண்டு சாட்சிகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இரண்டு போனும் 5-இல் பேசினால் அது இரண்டு சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான். ஒரு பொருள் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுமுன், நன்றாக ஓடும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒன்றை அதன் எதிரில் வைத்துப் பார்க்க வேண்டும். மோட்டாரானாலும், மல்டிமீட்டரானாலும், மடிக்கணினியானாலும் இதுதான் முறை.

இந்த முறையை எனக்குச் சொல்லித்தந்தவர் பத்தாம் வகுப்போடு வேலைக்குப் போன என் அக்கா. தினம் ஷிப்டில் நின்றுகொண்டே அவர் கற்ற பாடம் அது. காரணத்தைச் சொல்லித்தந்தது நம் ஆய்வகம். இரண்டும் சேர்ந்தபோதுதான் பழுது பிடிபட்டது. நம் வீடுகளில் இப்படி லைனில் நிற்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கணினி தெரியாது என்று நினைத்துக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள் தோழர்களே.