கம்பம் பள்ளத்தாக்கின் கொடிமுந்திரித் தோட்டம்

கொடிமுந்திரி எனப்படும் திராட்சை ஐரோப்பாவில் பனிக்காலத்தே இலையுதிர்த்து உறங்கி, இளவேனிலில் துளிர்த்து, ஆண்டிற்கு ஒருமுறையே கனி நல்கும். கம்பம் பள்ளத்தாக்கிலோ அத்தகைய பனிக்காலம் இல்லை. உறக்கமறியாக் கொடி அங்கே காய்ப்பது எங்ஙனம்? இவ்வினாவோடு சென்ற ஐப்பசி விடுமுறையில் யானும் நண்பர் இருவரும் சுருளிப்பட்டிக்குச் சென்றோம்.

1895-இல் பெரியாற்று அணை முடிவுற்றபின், மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த வழியாக இப்பள்ளத்தாக்கிற்குத் திரும்பியது. இங்கு விளைவது பன்னீர்த் திராட்சை; மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் மேனாட்டுப் பெயர். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் அதனைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பர். 2023-இல் அது புவிசார் குறியீடு பெற்றது.

யாங்கள் கண்ட தோட்டம் ஓர் ஏக்கர் அளவினது. எம் வினாவைக் கேட்ட முதியவர் நகைத்து, "பனி செய்யுற வேலையை இங்கே கத்தரி செய்யுது, தம்பி" என்றார். அவ்வேலைக்குக் கவாத்து என்று பெயர். (படைவீரர் பயிற்சிக்கும் இச்சொல்லே வழங்குதல் வியப்பு!) இலையும் கிளையும் வெட்டுண்ட கொடியில் உறங்கிய மொட்டுகள் விழித்தெழும், ஏறக்குறைய 4 மாதங்களில் கனி பழுக்கும். ஒவ்வொருவரும் வெவ்வேறு திங்களில் கவாத்துச் செய்வதால் ஆண்டு முழுதும் கம்பத்தில் பழம் உண்டு.

இவ்வாறு ஆண்டிற்கு மூன்று விளைவும் கொள்ளலாம். ஆயின் மழைக்கால விளைவே பெருந்தொல்லை. இலையின் அடியில் வெண்மையாய்ப் படரும் அடிச்சாம்பல் நோயைத் தடுக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையை அடிக்கடி தெளித்தல் வேண்டும். 1885-இல் மிலார்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் உலகிற்கு அறிவித்த மருந்து அது. நோய் அடங்கும், கலவையிலுள்ள செம்போ மண்ணிலே தங்கிவிடும். ஆண்டுதோறும் அது மிகுமாயின் மண்புழுக்கள் அருகும்.

இம்முதியவர் மழைக்கால விளைவை விட்டுவிட்டார். கவாத்திற்குப்பின் பந்தலுள் வெயில் புகும் நாளில் சணப்பு விதைத்து, அது பூக்குங்காலத்தே மடக்கி உழுகின்றார். வேர்முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தைச் சேர்க்கும் செடியாதலின், உரச்செலவும் குறைகின்றது.

"அப்படியானால் ஏனையோரும் இவ்வாறு செய்யலாகாதோ, ஐயா?" என்றேன்.

"எனக்குக் கடன் இல்லை, தம்பி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் குத்தகைக்கு எடுத்தவர். ஒரு விளைச்சலை விட்டா அவர் குத்தகை எப்படிக் கட்டுவார்?"

இதனை யான் எதிர்பார்க்கவில்லை. மண்ணைக் காப்பதற்கு அறிவு ஒன்றே போதும் என்றெண்ணியே யான் அங்குச் சென்றிருந்தேன். மழை ஓய்ந்ததும் அடுத்த பந்தலில் தெளிப்பானின் ஓசை எழுந்தது. முதியவர் அப்பக்கம் நோக்காமல், தம் கொடியின் அடிமண்ணைக் கிளறி, நெளிந்த மண்புழு ஒன்றை எம் கையில் இட்டார்.