பழைய மண்ணெண்ணெய் நீர்ப்பம்பியைத் திருத்தியமைத்தல்

துலாவினாலும் சூத்திரத்தினாலும் இறைத்துவந்த யாழ்ப்பாணத் தோட்டங்களில் 1950 ஆம் ஆண்டுகளுக்குப் பின் மண்ணெண்ணெய் நீர்ப்பம்பிகள் பரவலாயின. அவற்றுட் பல இன்று கொட்டில் மூலைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் கிடக்கின்றன. 2022 ஆகஸ்டு மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது, எண்ணெயை வீணாக்கும் இயந்திரத்தை வைத்திருந்த கமக்காரரே பெரிதும் இடருற்றனர். ஆகவே பழைய பம்பியை வெறுமனே ஓடச் செய்வது போதாது. குறைந்த எண்ணெயில் ஓடச் செய்தல் வேண்டும்.

பணஞ் செலவிடுமுன் இயந்திரத்தின் அமுக்கத்தை அறிதல் நன்று. பிளக்கைப் பூட்டியபடியே இயக்குங் கயிற்றை மெதுவாக இழுக்குக. ஓரிடத்தில் கை தடைப்பட்டு, கயிறு பின்னோக்கி உதைக்குமாயின் அமுக்கம் உண்டு. தடையின்றிச் சுழலுமாயின், பிளக்குத் துவாரத்தினூடாக ஒரு தேக்கரண்டி இயந்திர எண்ணெயை விட்டு மீண்டும் இழுத்துப் பார்க்குக. இப்பொழுது தடை தோன்றினால் றிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்துள்ளன. தோன்றாவிடின் வால்வுகள் சரியாக மூடவில்லை என எண்ணலாம். வால்வைத் தேய்த்துப் பொருத்துவது சிறு செலவு. சிலிண்டர் தேய்ந்த பழைய பம்பியை விலை பேசாது விட்டுவிடுதலே நன்றென்பது எமது கருத்து.

அடுத்து, எண்ணெய்க் குழாயை மூடி, பிளக்கைக் கழற்றி, அதன் உலோக உடலை இயந்திரத்தோடு சேர்த்துவைத்துக் கயிற்றை இழுக்குக. சிந்திய பெற்றோல் அருகில் இருத்தலாகாது. நீலநிறப் பொறி உறுதியாகப் பாய்தல் வேண்டும். பிளக்கின் இடைவெளி ஏறக்குறைய 0.7 மில்லிமீற்றர் இருப்பது பொதுவழக்கு. பழைய மக்னெற்றோவிலுள்ள தொடுமுனைகள் கருகியிருப்பின் மென்மையான அரத்தாளால் துடைத்து, முற்றாகத் திறந்த நிலையில் 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை இடைவெளி விடுக.

தாங்கியையும் காபுரேற்றரையும் பெற்றோலினாற் கழுவுக. சிறு துவாரங்களைக் கம்பியாற் குத்துவோர் பலர். இது பெருந்தவறு. துவாரம் சிறிது அகன்றாலும் எண்ணெய்ச் செலவு கூடும். காற்றினால் ஊதியே அடைப்பை நீக்குக. கலவைத் திருகாணி உள்ள காபுரேற்றரில், அதனை மெல்ல இறுதிவரை முடுக்கிப் பின் ஒன்றரைச் சுற்று வெளியே திருப்பி இயக்குக. இயந்திரம் சூடேறிய பின் சிறிது சிறிதாகத் திருப்பி, சீராக ஓடும் இடத்தில் நிறுத்துக. கரும்புகை வந்தால் எண்ணெய் மிகுதி. காபுரேற்றர் வழியே வெடியோசை கேட்டால் எண்ணெய் குறைவு. வேகங்கூட்ட வேண்டி வேகக்கட்டுப்பாட்டுச் சுருளை இழுத்துக் கட்டுதல் இயந்திரத்தை அழிக்கும்.

குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆதலாற் பெற்றோலில் ஆரம்பித்து, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். பெற்றோல் அரிதாயிருந்த 1990 களில் குடாநாட்டு மக்கள் சில துளி பெற்றோலை மட்டும் விட்டு இயந்திரங்களை இயக்கப் பழகினர். அது நெருக்கடியிற் கற்ற வித்தை, நாளாந்த வழக்கமாகத் தக்கதன்று. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துவிடும். காலைதோறும் அளவுக்கோலைப் பார்க்குக. எண்ணெயின் மட்டம் குறையாது உயர்ந்திருந்தால், மகிழ்ச்சியடையற்க. முகர்ந்து பார்த்து, மண்ணெண்ணெய் மணப்பின் மாற்றிவிடுக. கழித்த எண்ணெயைக் கிணற்றோரம் ஊற்றலாகாது. சுண்ணக்கல் நிலத்தில் அது விரைவாக நிலத்தடி நீரைச் சேரும்.

இயந்திரம் ஓடியும் நீர் வராவிடின், பெரும்பாலும் உறிஞ்சு குழாயின் பொருத்துகளிற் காற்று நுழைகின்றது, அல்லது அடிவால்வு கசிகின்றது. பம்பியில் நீர் நிரப்பாது ஓடவிடின் அச்சின் கசிவடைப்பு எரிந்துபோகும். நீர்மட்டத்திலிருந்து பம்பி 20 முதல் 25 அடிக்கு மேல் உயரத்தில் இருப்பின் எந்தத் திருத்தமும் பயன்தராது.

கோடையில் நீர்மட்டம் தாழும்போது, பயிரைக் காக்கும் ஆவலில் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்குவோர் உளர். இதனால் உயிர்கள் போயுள்ளன. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தம் ஒட்சிசனை ஏற்கவிடாது அது தடுக்கும். முதலில் இறங்கியவர் வீழ, அவரைத் தூக்க இறங்கிய சகோதரனும் வீழ்கின்றான். விளக்கை இறக்கிப் பார்த்தல் இதற்குப் போதாது. ஆளைக் கொல்லும் அளவு இவ்வாயு இருக்கும்போதும் சுடர் எரியும். இயந்திரம் ஓடிய கிணற்றினுள் எவரும் இறங்கலாகாது. ஒருவர் வீழ்ந்திருப்பின், பின்தொடர்ந்து இறங்காது 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து உதவி பெறுக. ஆழ்ந்த கிணற்றுக்கு, நீரினுள் அமிழும் மின் பம்பியே தக்கது.

இறைப்புக் காலம் முடிந்ததும் காபுரேற்றரின் எண்ணெயையும் பம்பியின் நீரையும் முற்றாக வடித்துவிடுக. பிளக்குத் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, பிளக்கைப் பூட்டி, கை தடைப்படும் இடம் வரை கயிற்றை மெதுவாக இழுத்து நிறுத்துக. அந்நிலையில் இரு வால்வுகளும் மூடியிருப்பதால் மழைக்கால ஈரம் சிலிண்டருக்குள் நுழையாது.