பரேலியில் இருந்த கருடன்

அன்புள்ள பேரணாம்பட்டு வாசகருக்கு,

உங்கள் அப்பா விமானப்படையில் டெக்னீஷியனாகப் பரேலியில் பல வருடம் இருந்தவர், ஆனால் "ஏதோ போட்டோ பிளேன்" என்பதற்கு மேல் வாய் திறந்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் நீங்கள் பார்த்த வீடியோவில் ஒருவர் அதே விமானத்தை, ரஷ்யாக்காரன் நம் தலையில் கட்டிய இரும்புக் குப்பை என்றாராம். எது நிஜம் என்று கேட்கிறீர்கள். அப்பா சொன்னது முழுக்க நிஜம். வீடியோக்காரர் சொன்னதில் 'இரும்பு' வரைக்கும் நிஜம்.

அது மிக்-25. நேட்டோ நாடுகள் வைத்த பெயர் ஃபாக்ஸ்பேட். நம் விமானப்படையில் கருடா. 1981-ல் பரேலியில் 102-வது ஸ்குவாட்ரன் இதற்கென்றே அமைந்தது. வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அப்போதைய விமானப்படைத் தளபதி இத்ரிஸ் ஹசன் லத்தீஃப், ஓய்வுபெறச் சில நாட்களே இருந்தபோது, 58 வயதில் அதில் ஏறிப் பறந்துவிட்டுத்தான் சீருடையைக் கழற்றினார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வேகத்தை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒலியைப் போல 2.83 மடங்கு, அதாவது மணிக்கு ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். நிமிடத்துக்கு 50. வேலூரில் பஸ் ஏறி ஆம்பூரில் இறங்க நமக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் வரிசை இருந்தால் இன்னும் கூடும். கருடாவுக்கு அது ஒரு நிமிடம். அதுவும் 20 கிலோமீட்டர் உயரத்தில்.

அந்த வேகத்தில் காற்று மோதி மோதி விமானத்தின் முகப்பு 300 டிகிரி அளவுக்குச் சுடும். அலுமினியம் அங்கே தளர்ந்துவிடும். அமெரிக்கர்கள் தங்கள் எஸ்.ஆர்.-71 பிளாக்பேர்டை டைட்டானியத்தில் செய்தார்கள். அதற்கான உலோகத்தில் பெரும்பகுதியைச் சோவியத் யூனியனிடமிருந்தே, யார் வாங்குகிறார்கள் என்று தெரியாதபடி சுற்றிவளைத்து வாங்கினார்கள் என்பது தனி வேடிக்கை. சோவியத்காரர்களோ தங்கள் விமானத்தில் நிக்கல் கலந்த எஃகைப் பற்றவைத்தார்கள். கனம் கூடும், விலை குறையும், பழுது பார்ப்பது சுலபம். உங்கள் தொழிலில் ஷூவின் அடித்தோலைப் பார்த்து, இது கையுறைத் தோல் மாதிரி மெத்தென்று இல்லையே என்று யாராவது குறை சொல்வார்களா? வீடியோக்காரர் சொன்னது அந்த ரகம்.

அந்தக் கேலிக்கு மூலம் 1976 செப்டம்பர் 6. விக்டர் பெலென்கோ என்ற சோவியத் விமானி ஒரு மிக்-25-ஐ ஓட்டிக்கொண்டு போய் ஜப்பானின் ஹகோடாடே விமான நிலையத்தில் இறக்கி, அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டார். அதுவரை அந்த விமானத்தை எண்ணி வாஷிங்டனுக்கு நடுக்கம். பிரித்துப் பார்த்தால் எஃகுத் தகடு, ரேடாரில் பழைய வானொலிப் பெட்டிபோல வால்வுகள். சிரித்தார்கள். ஜப்பான் அதைப் பெட்டிகளில் அடைத்துத் திருப்பி அனுப்பியது. சிரித்தவர்களிடமும் அதை எட்டிப் பிடிக்கும் போர் விமானம் அன்றைக்கு இல்லை.

என்ஜின் விஷயத்தில் மட்டும் குறை சொல்லலாம். ஆளில்லா விமானத்துக்காக உருவான டுமான்ஸ்கி ஆர்-15 அது. நீண்ட ஆயுளுக்குச் செய்ததே அல்ல. 2.83-ஐத் தாண்டி முடுக்கினால் பறக்கும், ஆனால் என்ஜினைக் கழற்றிப் போட வேண்டியதுதான். அந்த வரம்புக்குள் அதைக் காலம் தள்ள வைத்தது உங்கள் அப்பா போன்றவர்கள். விமானி மேலே இருப்பது கொஞ்ச நேரம்தான். அதற்கு முன்னும் பின்னும் தரையில் நடக்கும் வேலைக்குக் கணக்கில்லை. புத்தகங்களில் வருவதோ விமானி மட்டும்.

சரி, வெறும் போட்டோவுக்கா இத்தனை? 1959 ஏப்ரல் 10-ஐ நினைத்துப் பாருங்கள். படமெடுக்கப் போன நம் கான்பெரா விமானம் ஒன்றை ராவல்பிண்டி அருகே பாகிஸ்தானின் சேபர் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. அதிலிருந்த இருவரும் குதித்துப் பிழைத்து, பிடிபட்டுத் திரும்பினார்கள். 1962 போருக்குப் பிறகு சீன எல்லையைப் பார்க்க அமெரிக்காவின் யூ-2 விமானங்களை நம்ப வேண்டியிருந்தது. ஒடிசாவின் சார்பாத்தியா தளத்தை அவர்களுக்குக் கொடுத்தோம். அடுத்தவன் எடுத்த படத்தில் அவன் காட்டுவதைத்தான் பார்க்க முடியும். சுட முடியாத உயரத்தில், துரத்த முடியாத வேகத்தில் நமக்கென்று ஒரு கேமரா வேண்டும் என்ற எண்ணத்தின் பின்னால் இவையெல்லாம் இருந்தன. 20 கிலோமீட்டர் மேலேயிருந்து அடிவானமே 500 கிலோமீட்டர் தள்ளித் தெரியும். எல்லைக்கு இந்தப் பக்கமே பறந்தபடி சாய்வுக் கேமராவால் அந்தப் பக்கத்தை எடுக்கலாம்.

எப்போதும் இந்தப் பக்கமே பறந்ததா? 1997 மே மாதம் இஸ்லாமாபாத் பகுதியில் பெரும் வெடிச்சத்தம் கேட்டது. இந்திய மிக்-25 ஒன்று உள்ளே வந்து ஒலி வேகத்தைத் தாண்டிப் போனது என்றது பாகிஸ்தான். அவர்களுடைய எஃப்-16-களால் எட்டமுடியவில்லை. டெல்லி அதை ஒப்புக்கொள்ளவில்லை. சத்தம் போடாமல் வேவு பார்க்க வேண்டிய விமானம் வேண்டுமென்றே சத்தம் போட்டிருந்தால், அது எனக்கு அவ்வளவு உவப்பான வீரம் இல்லை.

அதை வீட்டுக்கு அனுப்பியது எதிரி அல்ல. 2001-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து டி.இ.எஸ். என்ற படமெடுக்கும் செயற்கைக்கோள் போனது, 2005-ல் கார்ட்டோசாட்-1. உதிரிபாகமும் அரிதாகிவிட்டது. 2006-ல் கருடா ஓய்வுபெற்றது. ஒரு காலத்தில் ராணுவ ரகசியமாக இருந்த மேல்பார்வை இன்று உங்கள் போனில் இருக்கிறது. பாலாற்றையும் கரையோரத் தோல் ஷாப்புகளையும் நீங்களே பெரிதாக்கிப் பார்க்கலாம்.

நம் பக்கமும் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட உறவு இருந்தது. 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்த அரக்கோணத்தில், ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தின் டுபோலெவ்-142. கடலை வேவு பார்த்தது. நான்கு என்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை புரொப்பல்லர். அப்படியும் மணிக்கு 900 கிலோமீட்டர் தொட்டது. 2017 மார்ச்சில் அதுவும் ஓய்வு. ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் நிறுத்தியிருக்கிறார்கள், உள்ளே ஏறிப் பார்க்கலாம். கருடாவைப் பார்க்க டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகம் போக வேண்டும். அப்பாவுக்கு உடம்பு ஒத்துழைத்தால் அழைத்துப் போங்கள்.

கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர் இருக்கும் ஊர்கள் நம் பக்கம் உண்டு. அவர்களிடம் "போர்ல என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். வேலையைக் கேளுங்கள். எரிபொருள் நிரப்ப எவ்வளவு நேரம், இறங்கியதும் எங்கே கை வைக்கக்கூடாது, பிலிம் சுருளை யார் எடுத்துக்கொண்டு ஓடுவது என்று. விமானமே ஓய்வுபெற்றுவிட்டது, இனி என்ன ரகசியம்?

இன்னொன்று. மிக்-25-ல் மின்னணுச் சாதனங்களைக் குளிர்விக்க நிறைய ஆல்கஹால் ஊற்றுவார்கள். சோவியத் தளங்களில் அதில் ஒரு பங்கு வீரர்களின் தொண்டைக்குப் போனதைப் பெலென்கோவே சொல்லியிருக்கிறார். பரேலியில் எப்படி என்று கேளுங்கள். அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

அன்புடன்.