ஒளியிழை இணைய இணைப்பில் வேக உயர்வு: பழைய சந்தாதாரர் அறிய வேண்டுவன

இணைய வசதியைத் தாங்கி வரும் ஒளியிழை இன்று நம் நாட்டின் நகரங்களிலும் கிராமங்கள் பலவற்றிலும் வீட்டுச் சுவர் வரை வந்து நிற்கிறது. இணைப்புப் பெற்று இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்த சந்தாதாரர் ஒருவருக்கு, மாதம் சில நூறு ரூபாய் கூடுதலாகச் செலுத்தினால் வேகம் இரு மடங்காகும் என்னும் செய்தி வருகிறது எனக் கொள்வோம். அவர் செலுத்துகிறார். ஆயினும் மாலை வேளையில் படம் முன்போலவே நின்று நின்று ஓடுகிறது. சந்தாதாரர் ஒரு பள்ளியாக இருப்பின், மானியத்திலிருந்து செலுத்திய கூடுதல் தொகைக்குத் தலைமையாசிரியர் தணிக்கையின்போது விடை கூற வேண்டியவராகிறார். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. அடுத்த வீட்டில் புதிதாக இணைப்புப் பெற்றவர் அதே கட்டணத்துக்கு அதிக வேகம் பெற்றிருப்பார். பழையவர் அதனை அறியாமல் பழைய திட்டத்திலேயே ஆண்டுக்கணக்கில் இருந்துகொண்டிருப்பார்.

இவ்விரு நிலைகளிலும் களப்பணியாளரிடமும் ஆசிரியரிடமுமே மக்கள் விளக்கம் கேட்கின்றனர். விளக்கம் கூறுவதற்குமுன், வேகம் என்பது இவ்விணைப்பின் எந்தெந்த இடத்தில் வரையறுக்கப்படுகிறது என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும். அவ்விடங்கள் நான்கு. அவற்றுள் மிகக் குறுகியது எதுவோ அதுவே சந்தாதாரருக்குக் கிட்டும் வேகம். ஏனைய மூன்றையும் எவ்வளவு விரிவாக்கினும் பயன் இல்லை.

கண்ணாடி இழை குறையுடையதன்று

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடுவோம். வேகத்தை உயர்த்த வேண்டுமாயின் தெருவில் போட்ட இழையையே மாற்ற வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தேவையில்லை. தொலைத்தொடர்புக்குக் கண்ணாடி இழை ஏற்றது என்பதைச் சார்லஸ் காவோ 1966-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அதற்காக 2009-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் உருவாக்கிய இழையில் ஒரு கிலோமீட்டருக்கு ஒளியிழப்பு சுமார் 20 டெசிபெல். அதாவது ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூறில் ஒரு பங்கு ஒளியே எஞ்சும். இன்று 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.35 டெசிபெல் அளவே. நூறு பங்கில் தொண்ணூற்றிரண்டு பங்கு எஞ்சுகிறது. நம் வீட்டுக்கு வந்துள்ள மெல்லிய இழை, நாம் இன்று விலை கொடுத்து வாங்கும் வேகத்தைப் போல் எத்தனையோ மடங்கைத் தாங்க வல்லது.

ஒரே இழை, முப்பத்திரண்டு வீடுகள்

இழை குறையற்றதாயினும் அதைப் பலர் பகிர்ந்துகொள்கின்றனர் என்பதில்தான் செய்தி இருக்கிறது. நம் நாட்டில் வீட்டு இணைப்புகளுக்குப் பரவலாக வழங்கும் முறை ஜி-பான் எனப்படும். நிலையத்திலுள்ள ஓ.எல்.டி. என்னும் கருவியிலிருந்து ஓர் இழை புறப்பட்டுத் தெருவிற்கு வருகிறது. அங்கே ஒரு சிறு பெட்டிக்குள் ஸ்பிளிட்டர் என்னும் பிரிப்பான் அதன் ஒளியை 32 அல்லது 64 கிளைகளாகப் பிரித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. இப்பிரிப்பானுக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. வீட்டில் அவ்விழை வந்து சேரும் கருவி ஓ.என்.டி.; மக்கள் அதை மோடம் என்றே அழைக்கின்றனர்.

நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் செய்தி 1490 நானோமீட்டர் ஒளியிலும், வீட்டிலிருந்து செல்லும் செய்தி 1310 நானோமீட்டர் ஒளியிலும் பயணம் செய்வதால் இரண்டும் ஓரிழையில் மோதுவதில்லை. வரும் திசையில் எல்லா வீடுகளுக்குமான செய்தியும் எல்லா வீடுகளுக்கும் வந்து சேருகிறது. ஒவ்வொரு மோடமும் தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிடுகிறது. செல்லும் திசையில் அவ்வாறு இயலாது. இரண்டு வீடுகள் ஒரே கணத்தில் ஒளியை வெளியிட்டால் இரண்டும் கெடும். ஆதலால் நிலையக் கருவி ஒவ்வொரு மோடத்துக்கும் முறை வகுத்துக் கொடுக்கிறது. இம்முறை வகுப்பு நொடிக்கு எண்ணாயிரம் சட்டங்களாக நடைபெறுகிறது. வகுப்பில் கேள்வி கேட்டபின் கையுயர்த்திய மாணாக்கரை ஒவ்வொருவராகப் பேசவிடும் ஆசிரியருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஜி-பான் முறையில் வரும் திசையில் நொடிக்கு மொத்தம் சுமார் 2488 மெகாபிட். செல்லும் திசையில் சுமார் 1244 மெகாபிட். இதனை 32 வீடுகளும் ஒரே நேரத்தில் முழுமையாக இழுப்பின் வீட்டுக்கு வருவது சுமார் 77 மெகாபிட். செல்வது சுமார் 39. ஆயினும் நிறுவனங்கள் 100, 200, 300 மெகாபிட் என்று விற்கின்றன. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. முப்பத்திரண்டு வீட்டாரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பது மிக அரிது. ஒருவர் ஓய்ந்திருக்கையில் மற்றவர் பயன்பெறுகின்றனர். எல்லா வீட்டாரும் 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறிவிட்டால் விற்றது 9600 மெகாபிட், இருப்பதோ 2488. அப்போது இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை நெருக்கடி தோன்றுவதற்கு வாய்ப்பு மிகும்.

இதற்குரிய மாற்று எக்ஸ்.ஜி.எஸ்.-பான் என்னும் புதிய முறை. இதில் இரு திசையிலும் சுமார் 10 ஜிகாபிட் கிட்டும். 32-ஆல் வகுத்தாலும் வீட்டுக்கு 300 மெகாபிட்டுக்குக் குறைவில்லை. இது 1577, 1270 நானோமீட்டர் ஒளிகளைக் கையாள்வதால் பழைய முறையுடன் ஒரே இழையில் ஒருங்கே இயங்க வல்லது. மாற வேண்டியவை நிலையக் கருவியும் வீட்டு மோடமும் மட்டுமே. தெருவைத் தோண்ட வேண்டியதில்லை. ஆதலால் மிகு வேகத் திட்டம் ஒன்றை விற்க வருவோரிடம், "என் தெருவில் உள்ளது பழைய முறையா, புதிய முறையா?" என்று கேட்பது தகும். நிலையத்துக்கு அப்பால் மாவட்டத் தலைநகரை நோக்கிச் செல்லும் பாதையும் குறுகியதாக இருக்கலாம். சிற்றூர்களில் இது அடிக்கடி நேர்வதே.

ஒளி குறைந்தால் வேகம் குறையுமா?

களப்பணியாளரிடையேயும் ஒரு தவறான கருத்து நிலவுகிறது. மோடத்துக்கு வரும் ஒளி சற்று மங்கினால் வேகமும் அதற்கேற்பச் சற்றுக் குறையும் என்பது அது. உண்மை அவ்வாறன்று. நிலையத்திலிருந்து சுமார் +3 டி.பி.எம். ஆற்றலுடன் புறப்படும் ஒளி, 32 கிளைப் பிரிப்பானில் சுமார் 17 டெசிபெல்லும், ஐந்து கிலோமீட்டர் இழையில் இரண்டுக்குச் சற்றுக் குறைவாகவும், இணைப்புகளில் ஏறக்குறைய இரண்டும் இழந்து, −18 அளவில் வீட்டை அடைகிறது. பொதுவாக வழங்கும் ஜி-பான் மோடங்களுக்கு −27 வரை வேலை செய்யும் திறன் உண்டு. −18 ஆயினும் −23 ஆயினும் வேகம் ஒன்றே. எல்லையை நெருங்கும்போதுதான் பிழைகள் பெருகி இணைப்பு அடிக்கடி அறுகிறது. பின்னர் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஒளியளவு சரியாக இருக்கையில் முனைகளைத் திரும்பத் திரும்பத் துடைப்பதும் இழையை மீண்டும் ஒட்டுவதும் வீண் உழைப்பு. இழை கூர்மையாக வளைந்து சன்னல் கதவில் நசுங்கியிருப்பின், அதனை மட்டும் உடனே திருத்துக.

வீட்டுக்குள் நிகழும் இழப்பு

என் கருத்தில், வேகத்தைப் பற்றிய புகார்களில் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே தோன்றுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒற்றை ஆன்டெனாவுடைய எளிய கைப்பேசிக்கு வழக்கமான அலைப்பட்டையில் கிடைக்கக்கூடிய உச்ச இணைப்பு வீதம் 72 மெகாபிட். பயனுக்கு வருவது அதிலும் ஏறக்குறைய பாதிதான். அத்தகைய கைப்பேசியை வைத்திருப்பவர் 100-இலிருந்து 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறினால் அவர் காண்பது ஒன்றுமில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமுடையது. ஆயினும் செங்கற்சுவர் இரண்டைக் கடப்பதற்குள் தளர்ந்துவிடும். மோடத்தை முன்னறையின் மூலையில், பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் பின்னறையில் வேகம் இல்லை என்று வருந்துவோர் பலர்.

கம்பியிலும் ஒரு நுட்பம் உண்டு. லேன் கேபிளில் நான்கு இணைக் கம்பிகள் உள்ளன. நான்கும் சரியாகச் சேர்ந்திருந்தால் 1000 மெகாபிட் செல்லும். இரண்டு இணை மட்டும் சேர்ந்திருந்தால் 100 மெகாபிட்டே செல்லும். பழைய மோடங்கள் சிலவற்றின் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காது. 200 மெகாபிட் திட்டத்தில் சோதனை எப்போதும் 94 அல்லது 95-இல் நின்றுவிடுமாயின் குறை இழையிலன்று, கம்பியிலோ துளையிலோ உள்ளது என்று தயங்காமல் கூறலாம்.

கட்டணமும் அளவு வரம்பும்

வேகம் ஒன்றையே பார்த்துத் திட்டத்தைத் தேர்வோர் பெரிதும் ஏமாறுகின்றனர். ஜியோ நிறுவனம் 2019 செப்டம்பரில் வெளியிட்ட 699 ரூபாய்த் திட்டத்தில் வேகம் 100 மெகாபிட். மாத அளவு 100 ஜிகாபைட், அதனுடன் தொடக்கச் சலுகையாக 50 ஜிகாபைட். அளவு தீர்ந்தபின் வேகம் 1 மெகாபிட். 2020 செப்டம்பரில் அதே 699 ரூபாய்க்கு அதே 100 மெகாபிட். மாத அளவு மட்டும் 3300 ஜிகாபைட். பழைய சந்தாதாரர்களின் திட்டங்களும் இதற்கேற்ப உயர்த்தப்படும் என்று அந்நிறுவனம் அறிவித்தது.

இரண்டையும் மாணாக்கரைக்கொண்டு கணக்கிடச் செய்யலாம். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆதலால் 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். முழு வேகத்தில் 150 ஜிகாபைட்டைத் தீர்க்க 12,000 நொடி, அதாவது மூன்று மணி இருபது நிமிடமே போதும். சுமார் 5 மெகாபிட் வேண்டும் தெளிவான படத்தை ஒரு மணி நேரம் பார்த்தால் 2.25 ஜிகாபைட் செலவாகும்; 150 ஜிகாபைட்டில் 66 மணி நேரம் பார்க்கலாம். 3300 ஜிகாபைட்டிலோ 1466 மணி நேரம். ஒரு மாதத்திலோ 720 மணி நேரந்தான் உண்டு. வேகமும் கட்டணமும் மாறாதிருக்க, திட்டத்தின் மதிப்பு இருபத்திரண்டு மடங்காகிவிட்டது.

அதே 2020 பட்டியலில் 30 மெகாபிட்டுக்கு 399, 100-க்கு 699, 150-க்கு 999, 300-க்கு 1499 ரூபாய். ஒரு மெகாபிட்டின் விலை 13 ரூபாய் 30 காசிலிருந்து 5 ரூபாயாகக் குறைவதால் மேல் திட்டமே மலிவு என்று தோன்றும். ஆனால் எந்தக் குடும்பமும் மெகாபிட்டை எண்ணி உண்பதில்லை. இரண்டு தெளிவான படங்களுக்கு 10, ஒரு காணொளி உரையாடலுக்கு 4, ஏனைய சிறு பயன்களுக்கு 5 எனக் கூட்டினாலும் 20 மெகாபிட்டைத் தாண்டுவது அரிது. நால்வர் உள்ள வீட்டுக்கு 30 மெகாபிட் போதும் என்பதே என் எண்ணம். பல கணினிகள் ஒருங்கே இயங்கும் பள்ளிக்கு 100 வேண்டியிருக்கும். எக்கட்டணத்துடனும் 18 சதவீத சரக்கு மற்றும் சேவை வரி சேரும்: 699 ரூபாய் கையிலிருந்து போகையில் 824 ரூபாய் 82 காசு.

விளம்பரங்களில் "வரை" என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். "100 மெகாபிட் வரை" என்பது உச்சத்தைக் கூறுமேயன்றி உறுதியைக் கூறாது. பிராட்பேண்ட் எனப்படுவதற்கு அரசு வகுத்த குறைந்த அளவு 2004-இல் 256 கிலோபிட்; 2013-இல் 512 கிலோபிட்; 2023 சனவரி முதல் 2 மெகாபிட். விற்கப்படும் எண்ணுக்கும் இவ்வரம்புக்கும் இடையே உள்ள இடைவெளி பெரிது. செல்லும் திசையின் வேகத்தையும் கேட்டறிக. வீட்டிலிருந்து பாடம் நடத்தும் ஆசிரியருக்கு அதுவே முதன்மையானது.

பழைய சந்தாதாரர் தம் பட்டியலில் உள்ள திட்டத்தின் பெயர் இன்றும் விற்பனையில் உள்ளதா என ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. புதிய திட்டம் தானாக வந்து சேரும் என்று எண்ணியிருத்தல் கூடாது. கேட்பவருக்கே பல இடங்களில் மாற்றிக் கொடுக்கின்றனர். மோடம் தாங்கும் வேகத்துக்குள் மாறுவதாயின் நிலையக் கருவியில் அவருக்குரிய எண்ணை மாற்றினால் போதும். எவரும் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. மாற்றுவதற்கெனத் தனிக் கட்டணம் கேட்டால் அது எதற்கு என எழுத்தில் பெறுக.

சோதிக்கும் முறை

மோடத்தில் லேன் கேபிளால் நேரே ஒரு கணினியை இணைத்து, வீட்டின் மற்றக் கருவிகளை நிறுத்திவிட்டு, காலை ஆறு மணிக்கு ஒருமுறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும் வேகத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதுக. பின்னர் பின்னறையிலிருந்து வைஃபையில் ஒருமுறை அளக்க. காலையில் முழு வேகமும் இரவில் குறைவும் காணின் தெரு இழையிலோ நிலையத்துக்கு அப்பாலோ நெருக்கடி உள்ளது; கூடுதல் கட்டணம் அதனைத் தீர்க்காது. கம்பியில் முழுமையும் வைஃபையில் குறைவும் காணின் மோடத்தின் இடத்தை மாற்றுக. இரு வேளையும் கம்பியில் திட்டத்தின் முழு வேகம் கிட்டி, அப்போதும் தேவை நிறைவேறாவிடில் மேல் திட்டத்துக்குச் செல்லலாம். புகார் எழுதுகையில் அளந்த வேளையைத் தவறாது குறிப்பிடுக. வேளை குறியாத புகாரை நிலையத்தார் முற்பகல் பதினொரு மணிக்குச் சோதித்துப் பார்த்து, குறை ஒன்றுமில்லை என முடித்துவிடக்கூடும்.