உராய்வு: சந்திரனில் மிஞ்சியது, செவ்வாயில் போதவில்லை

மாணவர்களே, உராய்வின் நன்மை தீமைகளைக் கேட்டால் வாகனத் தடுப்பையும் பாதணியின் அடியையும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவீர்கள். அவ்விடை பிழையன்று. ஆயினும் இதே உராய்வு ஓரிடத்தில் மிஞ்சியும் வேறோரிடத்தில் போதாமலும் இரண்டு விண்வெளி முயற்சிகளைத் தடுமாற வைத்தது. அவற்றை விளங்கிக்கொண்டால் இவ்வலகை மனனம் செய்யத் தேவையில்லை.

இரு முயற்சிகளிலும் தரையைத் துளைத்ததன் முக்கிய நோக்கம், உள்ளிருந்து வெளியேறும் வெப்பத்தை அளப்பதாகும். சந்திரனின் மேற்பரப்பு பகலில் 100 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடாகி, இரவில் கடுமையாகக் குளிர்கின்றது. வெப்பமானியை மேலே வைத்தால் சூரியனின் விளைவே பதிவாகும். எனவே இந்த ஏற்ற இறக்கம் எட்டாத ஆழத்துக்குச் செல்ல வேண்டும்.

1971 இல் அப்பல்லோ 15 வீரரான டேவிட் ஸ்கொட் மின்கலத்தால் இயங்கும் துளைகருவி ஒன்றைப் பயன்படுத்தினார். சுமார் 3 மீற்றர் ஆழமான இரு துளைகள் எதிர்பார்க்கப்பட்டன. ஒன்று ஏறத்தாழ 1.6 மீற்றருடனும் மற்றையது ஏறத்தாழ 1 மீற்றருடனும் நின்றுவிட்டன. பாறை தடுத்தது என்று நினைப்பீர்கள். இல்லை. துளைதண்டின் வெளிப்புறத்தில் உள்ள சுருள் தவாளிப்புகளே மண்ணை மேலே கொண்டுவர வேண்டும். தண்டுகள் பொருந்தும் மூட்டுகளில் அத்தவாளிப்புத் தொடர்ச்சியாக இருக்கவில்லை. மண் அங்கே இறுகித் தண்டைப் பிடித்துக்கொண்டது. காற்றாலும் நீராலும் தேயாத சந்திர மண்ணின் மணிகள் கூரியவை. சில சென்ரிமீற்றருக்குக் கீழே நெருக்கமாக அடுக்கப்பட்டவை. பூமியில் குழாய்க்கிணறு துளைப்போர் நீரைச் செலுத்தி மண்ணை வெளியேற்றுவதுபோல அங்கே செய்யவும் முடியாது.

மண் மாதிரி எடுப்பதற்கான குழாய் வேறாக 2.4 மீற்றர் வரை இறங்கியது. அதனுள் மண் படைகள் கலையாமல், கீழுள்ளது கீழாகவே இருக்கும்; அள்ளியெடுத்த மண்ணில் அந்த ஒழுங்கு கிடையாது. ஆனால் குழாயை வெளியே இழுக்க ஸ்கொட்டும் ஜேம்ஸ் ஏர்வினும் சேர்ந்து பெரும்பாடு பட்டனர். அடுத்த பயணத்துக்கு முன்னர் தண்டின் மூட்டுகள் திருத்தப்பட்டன. குழாயை மேலுயர்த்த ஜக் ஒன்றும் வழங்கப்பட்டது. 1972 டிசெம்பரில் அப்பல்லோ 17 இன் வெப்பத் துளைகள் இரண்டும் 2 மீற்றரைத் தாண்டின.

இனிச் செவ்வாய். 2018 நவம்பரில் இறங்கிய இன்சைற் விண்கலம், ஜேர்மனியில் உருவாக்கப்பட்ட, 40 சென்ரிமீற்றர் நீளமான ஆணி போன்ற கருவியொன்றைக் கொண்டுசென்றது. 5 மீற்றர் வரை இறங்குவதே திட்டம். கருவியின் உள்ளேயே சுத்தியல் இருந்தது. அது கீழ்நோக்கி ஏவப்படும்போது மேல்நோக்கிய மறுதாக்கம் தோன்றும்; நியூற்றனின் மூன்றாம் விதியை இங்கே நினைவுகூருங்கள். மறுதாக்கத்தின் பெரும்பகுதியை உள்ளிருந்த திணிவும் வில்லும் தாங்கின. மீதியைச் சுற்றியுள்ள மண்ணின் உராய்வு தாங்கியிருக்க வேண்டும்.

தளர்ந்த மணல் சரிந்து கருவியைச் சூழும் என்று வடிவமைத்தவர்கள் நம்பினர். அங்கிருந்த மண்ணோ ஒட்டிக்கட்டியாகும் தன்மையுடையது. கருவியைச் சுற்றி வெற்றுக் குழி உண்டாயிற்று. பிடிமானம் இல்லாத ஆணி அடிக்க அடிக்கத் துள்ளியது. இயந்திரக் கையின் அகப்பையால் பக்கவாட்டில் அழுத்தியபோது சிறிது இறங்கியது. 2019 ஒக்டோபரில் திரும்பவும் வெளியே வந்தது! பின்னர் மேலிருந்து அழுத்தினார்கள். 2021 ஜனவரியில் இறுதியாக 500 தடவை அடித்தும் அசையாததால் முயற்சி கைவிடப்பட்டது. கருவியின் தலை மண்ணுக்குக் கீழே 2, 3 சென்ரிமீற்றரிலேயே இருந்தது.

"செவ்வாயில் உராய்வு இல்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மண் கருவியைத் தொடாத இடத்தில் உராய்வு எங்கிருந்து வரும்?

பயிற்சி

1. அப்பல்லோ 15 இன் துளைதண்டு இறுகியதற்கான காரணத்தை விளக்குக.
2. அகப்பையால் பக்கவாட்டில் அழுத்தியபோது கருவி இறங்கியது ஏன்? செவ்வன் விசையுடன் தொடர்புபடுத்துக.
3. இன்சைற் கருவியைச் சந்திரனின் இறுகிய மண்ணில் ஓரளவு புதைத்து இயக்கினால் என்ன நிகழலாம்? காரணம் தருக.