நாட்டுக்கோழியும் குடற்கிருமியும்

நாட்டுக்கோழிக் கறியில் நோய்க்கிருமி இராது, அது பிராய்லருக்கே உரிய கேடு என்னும் பேச்சு, கூடுதல் விலை கொடுத்து வாங்குவோரிடம் மட்டுமன்றி, படித்தவர் எழுதும் உணவுக் குறிப்புகளிலும் சலிக்காமல் வந்துகொண்டிருக்கிறது. இதற்கு நுண்ணுயிரியலில் எள்ளளவும் ஆதாரம் இல்லை. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்கும் கேம்பைலோபாக்டர் என்னும் சுருள்வடிவப் பாக்டீரியா 42 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் செழிப்பது; கோழியின் உடல்வெப்பமும் அதுவே ஆதலால், குருட்டுக்குடல் எனப்படும், ஒருமுனை அடைபட்ட குடற்பைகளில் அது கோடிக்கணக்கில் பெருகியும், பறவைக்குப் பெரும்பாலும் நோய்க்குறி எதுவும் தோன்றுவதில்லை. துள்ளித் திரியும் சேவலைப் பார்த்து அதன் குடல் தூய்மையானது என்று முடிவுகட்டுவது பேதைமையன்றி வேறில்லை. குப்பையைக் கிளறி, ஈயைக் கொத்தி, பிற பறவைகளின் எச்சம் விழுந்த நீரைக் குடிக்கும் கோழிக்குத் தொற்றின் வாயில்கள் மிகுதியே தவிரக் குறைவல்ல. 2001இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், வெளியே மேயவிட்டு இயற்கைமுறையில் வளர்த்த கோழிக்கூட்டங்கள் அனைத்திலும் இக்கிருமி காணப்பட, வழக்கமான பண்ணைக் கூட்டங்களில் அது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. சுவைக்காக நாட்டுக்கோழியை விரும்புவதில் தவறில்லை. கிருமிக்கு அஞ்சி விரும்புவதுதான் வீண்.

மனிதரில் இத்தொற்று எளிதில் ஆறிவிடுவதே வழக்கம் எனினும், அரிதாகச் சில வாரங்கள் கழித்து, உடலின் தற்காப்பாற்றல் தன் நரம்புகளையே தாக்கிக் கால்களிலிருந்து மேலேறும் தளர்ச்சியை உண்டாக்கும் கில்லன்-பாரே நோய்க்கு அது வழிவிடுகிறது.

மஞ்சள் தடவிக் கழுவினால் கிருமி போய்விடும் என்பதும் பிழை. தெறிக்கும் நீர் அருகிலிருக்கும் கொத்தமல்லிக்கும் கிருமியைக் கொண்டு சேர்க்கும் என்பதாலேயே, பிரிட்டனின் உணவுத்தர முகமை 2014இல் பச்சைக்கோழியைக் கழுவவேண்டாம் என்று பரப்புரை செய்தது. ஃப்ரீசர் கிருமிகளைக் குறைக்குமேயன்றி முற்றாக அழிக்காது. நாற்றமில்லாத கறி நல்ல கறி என்பதோ, அழுகச்செய்யும் கிருமி வேறு, நோய்தரும் கிருமி வேறு என்றறியாதார் கூற்று.

உட்பகுதி 75 டிகிரியைத் தொட்டால் இக்கிருமி மடியும். நன்றாகக் கொதித்த குழம்பு அதை எளிதில் கடந்துவிடும். எனவே கவலைக்குரிய இடம் அடுப்பன்று, கறிக்கடையின் புளியங்கட்டை. குடல் கிழிந்து வழிந்த கழிவு அக்கட்டையின் வெட்டுத்தடங்களில் ஊற, அடுத்த வாடிக்கையாளரின் கறியும் அதே கத்தியால் அதன்மேலேயே நறுக்கப்பட்டு, ஒரே வாளித் தண்ணீரில் அலசப்படுகிறது. குடல் எடுக்கத் தனி இடமும், துண்டுபோடத் தனிப் பலகையும் கத்தியும், அலசக் குழாய்நீரும் இல்லாத கடைக்கு உரிமத்தைப் புதுப்பித்துத் தரலாகாது. ஆய்வுக்கு வரும் அலுவலர், சுவரில் மாட்டிய சான்றிதழுக்கு முன்பாகக் கட்டையைப் பார்க்கவேண்டும்.