கல் தரையில் நிழல் வளர்ப்போம்



ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகிறது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. இதைக் கேட்டதும் கன்று வாங்குகிறோம், நடுகிறோம், படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். சித்திரை வெயிலில் அந்தக் கன்று என்ன ஆனது? உண்ணக் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்த மரத்தைப் பற்றியல்லவா அந்த ஹதீஸ் பேசுகிறது!

இலங்கையின் நெடுந்தீவைப் பாருங்கள். குறிகட்டுவானிலிருந்து படகில் போக வேண்டும். தரையெல்லாம் முருகைக்கல், மதில்களையே அதை அடுக்கித்தான் எழுப்பியிருக்கிறார்கள். மேலே மண் கொஞ்சம்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, பிறகு நீண்ட வறட்சி. நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. அளவு மீறி இறைத்தால் கிணறு உவராகிவிடும். பாதையோரம் இன்னும் கடினம், அங்கே சரளைக் கல்லைப் போட்டு இறுக்கியிருப்பார்கள்.

உங்கள் ஊரும் இத்தகைய தரையா? அப்படியானால் பாறையில் வெடிப்புள்ள இடமாகத் தேடிக் குழி தோண்டுங்கள். வெடிப்பில்லாத குழி மழையில் கிண்ணம்போல் நீர் தேங்கி வேரை அழுகச் செய்யும். மட்கிய எரு போடுங்கள். தோண்டிய கல்லையே கன்றைச் சுற்றிப் பரப்பினால் ஈரம் நிற்கும். பெரிய கன்று வேண்டாம். முழங்கால் உயரமுள்ளதை முதல் மழையோடு நடுங்கள். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல் பல மரங்களின் இலை மஞ்சளாகிவிடும். பூவரசும் வேம்பும் தாங்கும். பனங்கொட்டையை நேரே ஊன்றலாம், ஆனால் நிழலுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டும்.

சீமைக்கருவேலம் கேட்காமலே முளைக்கும். அதை வளர விடாதீர்கள். பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளை என்று படித்த நாம், பாதையோரத்தில் முள்ளை வளர்க்கலாமா? வளைவில் பார்வையை மறைக்கும் மரமும் தொல்லைதான். பாதை பொதுச் சொத்து என்பதால் பிரதேச சபையிடம் முதலில் அனுமதி கேளுங்கள்.

அடுத்து, ஆடு மாடு கடிக்காமல் கூடு கட்டி, கன்றுக்கு ஒரு வீட்டாரைப் பொறுப்பாக்குங்கள். முதல் இரண்டு கோடைக்கும் அவர்கள் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்குக் கிணற்றை வற்ற வைக்க வேண்டியதில்லை. பள்ளிவாசலில் ஒளூச் செய்த தண்ணீர் தினமும் ஐந்து வேளை சாக்கடைக்குப் போகிறதே, அதை ஒரு தொட்டியில் பிடித்து வையுங்கள்.